பெரிய டயர் வண்டிக்குப் பனிச்சங்கிலி: சிங்கப்பூரிலிருந்து கிளம்புவோருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூர்க்காரருக்குப் பனிச்சங்கிலி, அதாவது பனியில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டும் செயின், எதற்கு என்று கேட்பவர்கள், ஜூன் அல்லது டிசம்பர் பள்ளி விடுமுறை தொடங்கும் வாரத்தில் சாங்கி விமான நிலையத்துக்கு ஒரு நடை போய்வரலாம். குளிர்கோட்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு எத்தனை குடும்பங்கள் நியூசிலாந்துக்கும் ஹொக்கைடோவுக்கும் கிளம்புகின்றன என்று தெரியும்.

அவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. ஹொக்கைடோவில் குளிர்காலத்தில் வாடகைக்கு எடுக்கும் கார் பனிக்கால டயரோடுதான் வரும். நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுனில் சாதாரண எஸ்யூவி எடுத்தால், அதற்குப் பொருந்தும் செயினையும் வாடகைக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்ட வண்டியில் போகிறவர்களுக்குத்தான் தலைவலி. உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி மலேசியா, தாய்லாந்து, லாவோஸ் வழியாகச் சீனா, திபெத் என்று சொந்த வண்டியிலேயே போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கூரைமேல் கூடாரம் வைத்து உயர்த்திய ஹைலக்ஸை வாடகைக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மெல்பர்னில் குடியேறிவிட்ட மச்சான், "வாடகைக் கார் எல்லாம் எதுக்கு மச்சான், என் வண்டியையே எடுத்துட்டுப் போங்க" என்று சாவியை நீட்டுவதும் உண்டு. வண்டியைப் பார்த்தால் முப்பத்தைந்து அங்குல டயர்! வாடகைக் கடையில் இருக்கும் எந்தச் செயினும் அதற்கு ஏறாது.

இப்படிப்பட்ட வண்டியில் செயினைத் தேடும் முன், அந்தச் செயின் சுற்றிவர உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடம் இல்லாத வண்டியில் விலை உயர்ந்த செயினை மாட்டினால் அது முதலில் அறுப்பது பிரேக் குழாயாகத்தான் இருக்கும்.

டயரின் பக்கச் சுவரைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் அளவு எழுதியிருக்கும். 265/65ஆர்17 என்றால் அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். பெரிய டயர்களில் சில 35×12.50ஆர்17 என்று வேறு மாதிரி எழுதியிருக்கும். அதில் முதல் எண் டயரின் முழு உயரம், அடுத்தது அகலம், கடைசி ரிம். எல்லாமே அங்குலக் கணக்கு.

ஓர் உதாரணம் பார்ப்போம். டொயோட்டா பிராடோ 150 வரிசையில் பல வண்டிகள் 265/65ஆர்17 டயரோடு வந்தன. அதைக் கழற்றிவிட்டு 285/70ஆர்17 போடுவது நிறையப் பேர் செய்வதுதான். முதல் டயரின் விட்டம் கிட்டத்தட்ட 776 மில்லிமீட்டர், இரண்டாவதுக்கு 831. ஐந்தரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். சுற்றளவில் அது 17 சென்டிமீட்டர் கூடுதல், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய டயரின் செயினை அந்த இடைவெளிக்கு எந்தப் பலசாலி இழுத்தாலும் கொக்கி மாட்டாது.

செயின் பெட்டியின் பின்பக்கத்தில் பொருந்தும் டயர் அளவுகளின் பட்டியல் இருக்கும். உங்கள் எண் அப்படியே அச்சாகியிருந்தால் மட்டும் வாங்குங்கள். "பக்கத்து அளவுதான், சரியாப் போயிடும்" என்று கடைக்காரர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இறுக்கமான செயின் ஏறாது என்று உடனே தெரிந்துவிடும். தளர்ந்த செயின்தான் ஆபத்து. ஏறிவிடும், கொஞ்ச தூரம் நன்றாகவும் போகும், பிறகு ஒரு வளைவில் உள்பக்கமாக நழுவும்.

வாகனக் கையேட்டில் செயின் பற்றி எழுதியிருப்பது கம்பெனி டயரை மனத்தில் வைத்துத்தான் என்பதையும் மறக்க வேண்டாம். டயரை மாற்றியபிறகு அந்தப் பக்கம் உங்களுக்குப் பாதிதான் உதவும்.

இடைவெளி: இங்கே அவசரப்படக் கூடாது

வண்டியை உயர்த்தியிருக்கிறேன், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் கை முழுவதும் போகிறது, எனக்கென்ன கவலை என்று பலரும் நினைக்கிறார்கள். உயர்த்தினால் மேலேதான் இடம் கிடைக்கும். செயின் உரசுவது பெரும்பாலும் டயரின் உள்பக்கத்தில். ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், மேல் கண்ட்ரோல் ஆர்ம், ஸ்டீயரிங் ராடு, பிரேக் குழாய், ஏபிஎஸ் சென்சாரின் ஒயர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் இவை டயரிலிருந்து விலகிப் போவதில்லை.

மறுபடி அந்தப் பிராடோ கணக்குக்கு வருவோம். ரிம்மை மாற்றாமல் டயரை மட்டும் மாற்றினால் அகலம் 20 மில்லிமீட்டர் கூடுகிறது, அதில் 10 உள்பக்கம் போகும். முன்பு உள்ளே 30 மில்லிமீட்டர் இருந்தது என்று வைத்துக்கொண்டால் இப்போது 20. இந்தப் பத்து மில்லிமீட்டர்தான் எந்த வகைச் செயின் போடலாம் என்பதையே மாற்றிவிடும்.

எப்படி என்றால், அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு செயின்களை அவற்றுக்குத் தேவைப்படும் இடைவெளியை வைத்து மூன்றாகப் பிரித்திருக்கிறது. எஸ் வகைக்கு டயரின் மேற்பரப்பிலிருந்து 37 மில்லிமீட்டரும் பக்கச் சுவரிலிருந்து 15 மில்லிமீட்டரும் வேண்டும். யு வகைக்கு 50, 23. டபிள்யூ வகைக்கு 64, 38. நம் உதாரண வண்டி முன்பு யு வகையைத் தாங்கும், பெரிய டயர் போட்டபிறகு எஸ் வகையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் கனமான வண்டிகளுக்கான தடித்த செயின்களில் பலவும் யு, டபிள்யூ வகையில்தான் வரும். இந்த இடத்தில்தான் நிறையப் பேரின் திட்டம் நின்றுபோகிறது. ரிம்மை வெளியே தள்ளும் ஆஃப்செட் உள்ளதாக மாற்றினால் உள்ளே இடம் கிடைக்கும், ஆனால் டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சிங்கப்பூர்ப் பதிவு எண் உள்ள வண்டி என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்றியமைப்பு விதிகளைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

அளப்பது எப்படி? வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை முழுக்க இடப்பக்கம் திருப்புங்கள். டார்ச்சை அடித்துக்கொண்டு முன் டயரின் உள்பக்கத்தில் மிக நெருக்கமான இடத்தைத் தேடுங்கள். ஆள்காட்டி விரல் அங்கே தாராளமாகப் போகவில்லை என்றால் முன் சக்கரத்தில் செயின் என்ற பேச்சையே விட்டுவிடலாம், ஏனென்றால் சராசரி விரலின் தடிமன்தான் அந்த 15 மில்லிமீட்டர். போகிறது என்றால் ஸ்கேலை வைத்து அளந்து எழுதுங்கள். முழுக்க வலப்பக்கம் திருப்பி மறுபடி அளக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்காது. அடுத்து ஒரு பக்கச் சக்கரத்தை மெதுவாக ஒரு மேட்டின் மேல் ஏற்றி நிறுத்துங்கள். சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயர் மேலே போய், சமதளத்தில் இருந்த இடைவெளி குறைந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பனிமூடிய பாதையில் குழி தெரியாது. அப்போது வண்டி இப்படித்தான் அமுங்கும். ஆகவே அமுங்கிய நிலையில் கிடைத்த எண்தான் உங்கள் எண்.

இதைத் தனியாகச் செய்யச் சோம்பலாக இருந்தால் காக்கி புக்கிட்டிலோ சின் மிங்கிலோ உங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் வொர்க்‌ஷாப்பில், எண்ணெய் மாற்ற லிஃப்டில் ஏற்றும்போது ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் லிஃப்டில் சக்கரங்கள் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே அளப்பது பொய்க் கணக்கு. உள்ளே என்னென்ன எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ள மட்டும் அது நல்ல சமயம்.

எந்த மாதிரிச் செயின்

ஏணி மாதிரிச் செயின்தான் பழைய வகை. இரண்டு பக்கமும் நீளச் சங்கிலி, நடுவில் குறுக்குச் சங்கிலிகள். நேராக ஏறவும் நிற்கவும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சரிவில் பக்கவாட்டில் வழுக்கினால் அதிகம் தடுக்காது. பெரிய டயர் அளவுகளில் எளிதாகக் கிடைப்பதும் கையால் பழுது பார்க்க முடிவதும் இதன் பலம். குறுக்குச் சங்கிலியில் சிறு முள்போல இரும்புத் துண்டு பற்றவைத்த வகையும் உண்டு. அது கெட்டிப்பட்ட பனிக்கட்டியைக் கொத்திப் பிடிக்கும்.

வைர வடிவச் செயின் டயரின் மேல் வலை போல விரியும். எந்நேரமும் ஏதாவது ஒரு கண்ணி தரையைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் அதிர்வு குறைவு, பக்கவாட்டுப் பிடிப்பும் உண்டு. உங்கள் டயர் அளவில் கிடைத்து, இடைவெளியும் இடம் கொடுத்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

கம்பிவட வகையும் துணியுறை வகையும் இரண்டரை டன் வண்டிக்கு, அதுவும் கரடுமுரடான மலைப்பாதைக்கு, எனக்கு நம்பிக்கை தருபவை அல்ல. இடைவெளி மிகக் குறைந்த வண்டிக்கு வேறு வழியில்லாதபோது அவை பரவாயில்லை.

சேற்றுக்கான மட் டெரெய்ன் டயர் போட்டிருப்பவர்களுக்கு ஒரு சொல். அதன் பெரிய கட்டைகளைப் பார்த்தால் பனியையும் கிழித்துவிடும் போலத் தோன்றும். ஜோகூர்ச் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் அது ராஜாதான். குளிரில் அந்த ரப்பர் இறுகிவிடும், பனிக்கட்டியில் பிடிமானம் குறையும். செயினின் குறுக்குக் கண்ணிகள் கட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் செயின் இருந்தும் பாதிப் பயன்தான். அதனால் மட் டெரெய்ன் டயருக்கு, குறுக்குச் சங்கிலிகள் நெருக்கமாக உள்ள செயினைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக டயர் வாங்கப்போகிறீர்கள் என்றால் பக்கச் சுவரில் மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் சின்னம் போட்ட ஆல் டெரெய்ன் டயரைப் பாருங்கள். அந்தச் சின்னம் பனியில் சோதித்துத் தேறியதற்கான அடையாளம்.

எடையும் ஒரு விஷயம். முப்பத்தைந்து அங்குல டயருக்கான தடித்த இரும்புச் செயின் ஒரு ஜோடி, விமானத்தில் ஒருவருக்கு அனுமதிக்கும் பெட்டி எடையைக் கிட்டத்தட்ட முழுதாக விழுங்கிவிடும். விமானத்தில் போகிறவர்கள் அங்கேயே முன்கூட்டிச் சொல்லி வைத்து வாங்குவது மேல். நிலவழிப் பயணிகள் இங்கேயே வரவழைத்துவிட வேண்டும், ஏனென்றால் அதை ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கிறது.

முன்னாலா, பின்னாலா?

நான்குக்கும் போட்டால் நல்லது. ஒரே ஒரு ஜோடிதான் என்றால் கையேடு சொல்வதே முடிவு. டொயோட்டா, ஜீப் முதலான பல நான்கு சக்கர இழுவை வண்டிகளின் கையேடு பின் சக்கரத்தில் மட்டும் போடச் சொல்லும். முன்பக்கத்தில் இடைவெளி குறைவு என்பது அதற்கு முக்கியக் காரணம்.

இரண்டிலும் ஒவ்வொரு குறை இருக்கிறது. பின்னால் மட்டும் போட்டால் ஏற்றத்தில் நன்றாகத் தள்ளும், ஆனால் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். முன்னால் மட்டும் போட்டால் ஸ்டீயரிங் கேட்கும், ஆனால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் நிற்க, பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னே வரப் பார்க்கும். இரண்டாவது பயங்கரமானது. அனுபவம் இல்லாதவர்கள் கையேட்டை மீறி முன்னால் மட்டும் போட வேண்டாம்.

ஒத்திகை, உங்கள் புளோக்கின் கீழேயே

மைனஸ் ஐந்து டிகிரியில், இருட்டில், மனைவி மக்கள் வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியை முதன்முதலாகப் பிரிப்பதுபோன்ற கொடுமை வேறில்லை. வீவக அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் உங்கள் இடத்திலேயே இதைப் பழகலாம். பக்கத்து வண்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமை பகல் வசதி. வருகிற போகிற மாமாக்கள் நின்று, "என்ன தம்பி, சிங்கப்பூர்ல ஸ்னோ விழப்போகுதா?" என்று கேட்கத்தான் செய்வார்கள். அவர்களில் ஒருவரிடம் டார்ச்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லலாம்.

முதல் தடவை வெறுங்கையால் மாட்டிப் பாருங்கள், கண்ணிகள் பழகும். அடுத்த தடவை அங்கே போடப்போகும் அதே கையுறையோடு. முஸ்தஃபாவில் வாங்கிய கம்பளிக் கையுறை நனைந்ததும் ஐஸ் கட்டியாகிவிடும், அதை நம்ப வேண்டாம். ரப்பர் பூசிய, நீர் புகாத வேலைக் கையுறை வேண்டும். மூன்றாவது தடவை, தலையில் மாட்டும் டார்ச் வெளிச்சத்தில். முட்டி போட ஒரு தடித்த பாய் அல்லது ரப்பர் விரிப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செயின் மாட்டிய வண்டியைத் தரையில் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். சக்கரத்தை அரைச் சுற்று நகர்த்தி இறுக்கிப் பார்ப்பதோடு சரி. கான்கிரீட்டும் கெடும், செயினும் தேயும், நகரமன்றத்திலிருந்து கடிதமும் வரும்.

எல்லாம் இறுக்கியபிறகு மீந்து தொங்கும் கண்ணிகளைக் கவனியுங்கள். ஒன்றிரண்டு என்றால் கம்பியால் கட்டிவிடலாம். கைப்பிடி நீளம் தொங்குகிறது என்றால் செயின் பெரிது, மாற்றுங்கள். ஓடும்போது அந்த வால்தான் சவுக்குப்போல் சுழன்று மட்கார்டின் உள்பிளாஸ்டிக்கையும் பிரேக் குழாயையும் அடிக்கும். பொருந்திவிட்டது என்றால், எந்தக் கண்ணியில் கொக்கி விழுகிறதோ அதில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். பனியில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

நிலவழி போகிறவர்கள் இந்த ஒத்திகை வாரத்திலேயே வண்டியின் மற்ற குளிர்ப் பொருட்களையும் முடித்துவிடுவது நல்லது. நம் ஊர் வெயிலுக்கு ரேடியேட்டரில் வெறும் தண்ணீரோ நீர்த்த கூலன்டோ போதும் என்று ஓடும் வண்டிகள் உண்டு. உறைநிலைக்குக் கீழே அது இன்ஜினையே வெடிக்க வைக்கும். டீசல் வண்டி என்றால் வெப்பநாட்டு டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல் உறையும், ஆகவே குளிர்ப் பகுதிக்குள் நுழைந்ததும் அந்த ஊர்க் குளிர்கால டீசலை நிரப்ப வேண்டும். கிளம்பும்போது தொட்டியில் முக்கால் பங்கு இல்லாமல் உட்லண்ட்ஸைத் தாண்ட விடமாட்டார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அந்த முக்கால் தொட்டி திபெத் வரை வராது.

சட்டம் என்ன சொல்கிறது

ஊருக்கு ஊர் வேறு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பனிக்காலத்தில் மலை உல்லாசத் தளங்களுக்குப் போகும் எல்லா வண்டியும், நான்கு சக்கர இழுவை உட்பட, செயின் வைத்திருக்க வேண்டும். பக்கத்து நியூ சவுத் வேல்ஸில் கோசியஸ்கோ தேசியப் பூங்காவுக்குள் இரண்டு சக்கர இழுவை வண்டிக்குத்தான் கட்டாயம், மற்றவர்களுக்குப் பரிந்துரை. நியூசிலாந்தில் மில்ஃபோர்ட் சவுண்டுக்குப் போகும் சாலையில் பனிச்சரிவு அபாயம் உண்டு. செயின் எடுத்துச் செல்லச் சொல்லிப் பலகை வைத்தால் அதை மீறக் கூடாது. கலிபோர்னியாவில் மூன்று படிகள் உண்டு. இரண்டாம் படியில், நான்கு சக்கரத்திலும் பனி டயர் உள்ள நான்கு சக்கர இழுவை வண்டி செயினை மாட்டாமல் போகலாம், ஆனால் கையில் வைத்திருக்க வேண்டும். மூன்றாம் படியில் யாருக்கும் விலக்கில்லை.

வாடகை வண்டி என்றால் இதோடு ஒப்பந்தத்தையும் படிக்க வேண்டும். குவீன்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குச் சாலை போன்றவற்றில் வாடகைக் காப்புறுதி செல்லாது என்று அதில் எழுதியிருக்கும்.

மலையில் மாட்டும்போது

வழுக்கத் தொடங்கியபிறகு மாட்டுவதைவிட, வழுக்கும் முன்பே மாட்டுவது எத்தனையோ மடங்கு எளிது. குவீன்ஸ்டவுனுக்கும் வனாகாவுக்கும் நடுவே உள்ள கிரவுன் ரேஞ்ச் சாலை 1,076 மீட்டர் வரை ஏறுகிறது. அதுபோன்ற சாலைகளில் ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே செயின் மாட்ட ஒதுங்கிடம் விட்டிருப்பார்கள். அதில் நிறுத்துங்கள். வளைவில், சரிவில், பனிச்சரிவு எச்சரிக்கைப் பலகை உள்ள பகுதியில் ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

1. ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை பார்க்கில் வைத்து, அவசர விளக்கைப் போடுங்கள். செயின் போடாத சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். ஒளிரும் மேலங்கி போட்டுக்கொண்டு இறங்குங்கள். பிள்ளைகள் சாலைப் பக்கம் வரக் கூடாது.

2. டயர் காற்றைத் தொடாதீர்கள். மணலில் காற்றை இறக்கிப் பழகியவர்களுக்குக் கை அரிக்கும். காற்றை இறக்கிச் செயினை மாட்டி மறுபடி ஏற்றினால் நன்றாக இறுகும் என்று ஒரு குறுக்கு வழியும் சொல்வார்கள். இரண்டும் வேண்டாம். மெலிந்த டயரில் செயின் நகர்ந்து ரிம்மைக் கடிக்கும். குளிரில் காற்றழுத்தம் தானாகவே குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 32 டிகிரியில் பார்த்த அழுத்தம் மைனஸ் 5-இல் ஏறத்தாழ 6 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். முன்னதாகவே பார்த்து நிரப்பிவிடுங்கள்.

3. செயினைத் தரையில் விரித்து முறுக்கை எடுங்கள். ஒரே ஒரு கண்ணி முறுக்கிக்கொண்டிருந்தாலும் அது டயரைக் குடையும். குறுக்குச் சங்கிலிகளைப் பிடித்திருக்கும் கொக்கிகளின் திறந்த முனை டயரைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும்.

4. ஏணி வகை என்றால் டயரின் தலைமேல் போர்த்தி, இருபுறமும் சமமாகத் தொங்கவிட்டு, கீழே சிக்காதவாறு சரிசெய்து, வண்டியைக் கொஞ்சம் முன்னே நகர்த்துங்கள். முப்பத்தைந்து அங்குல டயருக்குப் பின்னால் கையை விட்டு உள்பக்கக் கொக்கியை மாட்டுவதுதான் முழு வேலையிலும் கடினமான நிமிடம். கன்னம் சேற்றில் ஒட்டும், கொக்கி கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் பார்க்க வேண்டும். உள்பக்கத்தை முதலில், எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்குங்கள். அங்கே விட்ட தளர்வை வெளியிலிருந்து சரிசெய்ய முடியாது.

5. வைர வகையில் உள்பக்கத்துக்கு வளையக்கூடிய கம்பி வளையம் இருக்கும். அதை டயரின் பின்னால் பாம்புபோல் நுழைத்து, இரு முனையையும் மேலே கொண்டுவந்து பூட்டி, பின்னால் தள்ளுங்கள். பிறகு வெளிப்பக்கக் கொக்கி, கடைசியாக இழுவைச் சங்கிலி.

6. வெளிப்பக்கத்தை இறுக்குங்கள். கேம் (திருப்பினால் சங்கிலியை இறுக்கும் துண்டு) உள்ள செயின் என்றால் அதற்கான சாவியால் எல்லாக் கேமையும் திருப்புங்கள். ரப்பர் இழுப்பான் என்றால் அதன் கொக்கிகளும் வெளியே பார்த்தபடி சமமாக மாட்ட வேண்டும். செயின் தயாரித்தவர் ரப்பர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போடாதீர்கள்.

7. நூறு, இருநூறு மீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்துங்கள். செயின் டயரில் உட்கார்ந்து, தளர்ந்திருக்கும். மறுபடி இறுக்குங்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர் போய் மறுபடி ஒரு பார்வை. குளிரில் இறங்க மனம் வராமல் பலர் தவிர்க்கும் படி இதுதான், செயின் அறுவதும் பெரும்பாலும் இங்கே விட்ட குறையால்தான்.

ஓட்டும்போது

செயின் பெட்டியில் பொதுவாக மணிக்கு 50 கிலோமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக வேக வரம்பு போட்டிருக்கும். பெரிய டயரில் அதையும் எட்ட வேண்டாம். முப்பதிலிருந்து நாற்பதுக்குள் போனால் செயினும் பிழைக்கும், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் இடுப்பும் பிழைக்கும்.

நான்கு சக்கர இழுவையை ஹை நிலையில் வையுங்கள், செங்குத்தான ஏற்ற இறக்கத்தில் லோ. ஆக்சிலரேட்டரை முட்டையை மிதிப்பது போல மிதியுங்கள். சக்கரம் சுழன்றால் செயின் பனியைத் தோண்டித் தரைக்குப் போய்விடும், அங்கே கல்லில் அடிபட்டு அறுந்துவிடும். இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினால் பிடியுங்கள், பிரேக் கடைசியில்தான். டிஃப் லாக் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலப் பூட்டும்) வசதி இருப்பவர்கள் பக்கச் சரிவில் அதைப் போடாதீர்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுழன்று வண்டி பக்கவாட்டில் இறங்கும்.

காதைத் திறந்து வையுங்கள். சீரான கடகட சத்தம் சரி. திடீரென்று தட் தட் என்று மட்கார்டில் அடிக்கும் சத்தம் கேட்டால் ஏதோ கண்ணி அறுந்திருக்கிறது. பாதுகாப்பான இடம் கிடைத்த அடுத்த நொடி நிறுத்துங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் உரசல் கேட்டால், இடைவெளிக் கணக்கில் ஓட்டை. அப்படியே ஓட்டிச் சமாளிக்கப் பார்க்காமல் செயினைக் கழற்றி, முடிந்தால் திரும்பிவிடுங்கள். சிங்காய் – திபெத் நெடுஞ்சாலையின் தாங்குலா கணவாய் 5,231 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பிரேக் குழாய் போனால் அழைத்தவுடன் வந்து நிற்க மெக்கானிக் யாரும் இல்லை.

தார் தெரிகிற இடம் வந்ததும் கழற்ற வேண்டும். அடுத்த வளைவில் மறுபடி பனி இருக்கும் என்று சோம்பல்பட்டு வெறும் தாரில் ஓட்டினால் ஒரே மாலையில் செயின் தேய்ந்துபோகும், டயரும் அடிபடும்.

கழற்றிய பிறகு

கழற்றும்போது கொக்கிகள் டயரின் அடியில் சிக்காத நிலையில் வண்டியை நிறுத்துங்கள். முதலில் வெளிப்பக்கத் தளர்வு, பிறகு உள்பக்கம், பிறகு வண்டியை நகர்த்திச் செயினை எடுங்கள். ஈரச் செயினைப் பையில் கட்டி வண்டியின் மூலையில் போட்டுவிடுவது எல்லோரும் செய்வது. அன்றிரவு தங்குமிடத்தில் வெந்நீரில் அலசி, குளியலறைத் தரையில் பரப்பிக் காயவிட்டால் போதும். பனிநாட்டுச் சாலைகள் பலவற்றில் உப்பு தூவியிருப்பார்கள், அது இரும்பைத் தின்னும்.

சிங்கப்பூர் திரும்பியதும் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் உலர்த்தி, ஒவ்வொரு கண்ணியாகத் தடவிப் பாருங்கள். நிலத்தைத் தொடும் பக்கம் பாதிக்குமேல் தேய்ந்த கண்ணி இருந்தால் அந்தக் குறுக்குச் சங்கிலியை மாற்ற வேண்டும். பிறகு மெல்லிய எண்ணெய் பூசி, பழைய துண்டில் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில், வீட்டு பாம் ஷெல்டருக்குள் அரிசி மூட்டைக்குப் பின்னால் திறந்து போட்ட செயின் ஒரு வருடத்தில் செங்கல் நிறமாகிவிடும். பெட்டியின் மூடியில் டயர் அளவு, கொக்கி விழும் கண்ணியின் எண், அமுங்கிய நிலையில் அளந்த இடைவெளி மூன்றையும் மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்த டயர் மாற்றும்போது கடையில் முதலில் காட்ட வேண்டியது அந்த மூடியைத்தான்.